ஏற்காட்டுக் கல்வீட்டில் ஓதம்: ஒரு தரையைத் தேர்ந்தெடுத்த கதை

2022 ஆடி மாதம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற சாலையில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய கல்வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் சேலத்தில் பழைய கட்டடங்களின் பழுது வேலை பார்க்கிறவன். உள்ளே போய் உட்காருவதற்குள் டீச்சர் கேட்டுவிட்டார்: "தம்பி, இந்த டைல்ஸை எடுத்துட்டு மரம் மாதிரி வருதே லேமினேட், அதைப் போட்டுடலாமா? கால் வெக்க முடியல, அவ்வளவு சில்லுனு இருக்கு."

ஓதம் (ஈரக்கசிவு) பிடித்த அந்த வீட்டில் லேமினேட் போட்டிருந்தால் முதல் மழைக்கே வீங்கியிருக்கும். அதன் உள்ளுடல் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் விளிம்பு உப்பி மேலே எழும்பும். அதனால் வேண்டாம் என்று சொல்வது சுலபம். அப்படியானால் எதைப் போடுவது என்பதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷம்தான் இந்தக் குறிப்பு.

வீடு சரிவில் இருக்கிறது. வடக்கே மேடு, தெற்கே பள்ளம். வடக்கில் சமையலறையும் இரண்டு படுக்கையறைகளும், நடுவில் கூடம், தெற்கில் கணப்பு வைத்த ஒரு பெரிய அறை. மேலே மங்களூர் ஓடு. சுவர் 22 அங்குலத் தடிமன். கருங்கல்லை மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாந்தில் அடுக்கிக் கட்டியது. பேஸ்மட்டத்தில் ஈரத்தைத் தடுக்கிற அடுக்கு எதுவும் கிடையாது. அந்தக் காலத்து மலை வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.

சேர்வராயன் மலைக் கல் சார்னோகைட் இனம். சென்னையில் பரங்கிமலையில் இருப்பதும் இதே கல்தான். இது தண்ணீர் குடிக்கிற கல் இல்லை. பிறகு சுவரில் எப்படி ஓதம் ஏறுகிறது? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற சாந்து குடிக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, சாந்தின் நுண்ணிய துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலே ஏறும். அந்த வீட்டின் வடக்குச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்த்தபோது அது கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. கல் உலர்ந்திருந்தது, கல்லைச் சுற்றி இணைப்புக் கோடுகள் மட்டும் கருத்து, நனைந்து கிடந்தன.

தரை விட்ரிஃபைடு டைல்ஸ். போட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். டைல்ஸ் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் இணைப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஸ்கர்ட்டிங்குக்கு மேலே மூன்றடி உயரம்வரை பெயின்ட் கொப்புளித்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம். டீச்சர் ஒரு விஷயம் சொன்னார், நான் அதை அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை: "எங்க அம்மா காலத்துல தரையிலதான் பாய் போட்டுப் படுப்போம். பாய் ஒரு தடவைகூட பூத்ததில்ல."

ஒரே புகார், இரண்டு காரணம்

ஓதம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் நான் செய்வது ஒரு சாதாரணச் சோதனை. இரண்டடிக்கு இரண்டடி கண்ணாடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளுக்கு அடியில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேல் பக்கம் நனைந்து அடிப்பக்கம் உலர்ந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். இங்கே டைல்ஸ் உடம்பு வழியாக ஈரம் வராது, இணைப்பு வழியாகத்தான் வரும் என்பதால், ஒவ்வோர் அறையிலும் இரண்டு டைல்ஸைப் பெயர்த்து அடித்தளத்தின் மேலும் ஒரு தாள் ஒட்டினோம்.

வடக்கு அறைகளிலும் சமையலறையிலும் அடிப்பக்கம் நனைந்திருந்தது. தெற்கே கணப்பு அறையில் அடித்தளத்தின் மேல் ஒட்டிய தாளுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை; டைல்ஸ் மேல் ஒட்டிய தாளின் மேற்பரப்பு முழுக்க நீர். அதாவது டீச்சர் ஒரே தொந்தரவு என்று சொன்னது உண்மையில் இரண்டு. வடக்கே தரை குடித்துக்கொண்டிருந்தது. தெற்கே தரை வேர்த்துக்கொண்டிருந்தது.

தரை வேர்ப்பது ஏற்காட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. ஆடி, ஆவணியில் மேகம் சன்னல் வழியாக உள்ளே வரும். காற்று 21 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 19 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் நீர் படியும். அன்று அந்த டைல்ஸ் 18 டிகிரி காட்டியது. பளபளப்பான டைல்ஸ் படிந்த நீரை உறிஞ்சாது, அப்படியே மேலே நிறுத்திக்கொள்ளும். போதாததற்கு, கணப்பின் புகைப்போக்கியைக் குளிர் வருகிறது என்று யாரோ சிமென்ட் ஷீட் வைத்து அடைத்திருந்தார்கள். அறையில் காற்று நகர வேறு வழியே இல்லை.

இந்தப் பிரிவினையைச் செய்யாமல் தரையைத் தேர்ந்தெடுத்தால் பாதி வீட்டுக்குத் தப்பான மருந்து போய்விடும். தெற்கறைக்கு அடியில் ஆயிரம் ரூபாய்க்குத் தடுப்பு போட்டாலும் லட்சம் ரூபாய்க்குப் போட்டாலும் வேர்ப்பது வேர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

வெளியே பார்த்தது

வடக்குச் சுவருக்கு வெளியே காப்பிக் கொட்டை காயவைக்கிற சிமென்ட் களம். நல்ல விஸ்தாரமான களம். அதன் வாட்டம் வீட்டைப் பார்த்து இருந்தது. ரசமட்டக் குழாய் பிடித்துப் பார்த்தோம்: வெளித்தரை வீட்டின் உள்தரையைவிட 14 அங்குலம் உயரம். ஓட்டுக் கூரையின் இறவாணத்தில் தண்ணீர்த் தகரம் இல்லை. ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் களத்தில் தெறித்து, சுவரை நனைத்து, மிச்சம் சுவரோரத்து வெடிப்பில் இறங்கியது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே மழை கொடுக்கிற மலை இது. நடுவில் கோடை மழை வேறு. சுவருக்கு உலர நேரமே கிடைத்திருக்காது.

தரையைத் தொடாமல் முதலில் வெளி வேலையை முடிப்போம், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அப்புறம் தரை என்று சொன்னேன். டீச்சருடைய அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "தரை போடக் கூப்பிட்டா வாய்க்கால் வெட்டறேங்கறீங்களே" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது; காசு போவது அவர்கள் வீட்டுக் காசு. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. மேட்டுத் தண்ணீர் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை எந்தத் தரையும் அந்த வீட்டில் பிழைக்காது.

2023 தை மாதம் வேலை தொடங்கியது. முதலில் ஒரு குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்த்தோம்: இரண்டரை அடிதான். பழைய கல் அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டினால் சுவர் இறங்கிவிடும். அதனால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு மட்டும், ஆறு ஆறு அடி நீளமாக வெட்டி மூடிக்கொண்டே போனோம். அடியில் ஓட்டை போட்ட 4 அங்குலக் குழாய், அதைச் சுற்றி ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி), மேலே தூசியில்லாத ஜல்லி. நூறு அடிக்கு ஓரடி வாட்டம். தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு தெற்கே காப்பிச் செடிகளுக்குப் போய்விடும். சுவரோரமாக மூன்றடி அகலத்துக்குக் களத்தை உடைத்தெடுத்து, மண்ணை உள்தரைக்குக் கீழே இறக்கி, வாய்க்காலைப் பார்த்து வாட்டம் விட்டோம். கூரைக்குத் தண்ணீர்த் தகரம் வைத்தோம். உள்சுவரில் நாலடி உயரத்துக்கு இருந்த சிமென்ட் பூச்சை உரித்துப் போட்டோம். அந்தப் பூச்சுதான் ஈரத்தை வெளியே விடாமல் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மழை முழுக்கச் சுவர் உரித்த கோலத்திலேயே வீடு கிடந்தது. டீச்சர் அதைப் பொறுத்துக்கொண்டதை நான் எப்போதும் நன்றியோடு நினைப்பேன். கார்த்திகையில் மறுபடி பாலிதீன் தாள் ஒட்டினோம். வடக்குப் படுக்கையறையில் வெறும் மூடுபனி மாதிரிப் படர்ந்திருந்தது, முத்து இல்லை. சமையலறையில் இன்னும் முத்து இருந்தது, ஆனால் பாதி. தரையில் கைவைக்காமலே இவ்வளவு.

என்னென்ன யோசித்தோம்

சேலத்தில் தெரிந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் சொன்னது வழக்கமான வழி: எல்லாவற்றையும் தோண்டி, கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மேலே கான்கிரீட், அதன்மேல் புது டைல்ஸ். புதுவீட்டுக்கு இது நல்ல வழி. அங்கே சுவருக்கு அடியிலும் தடுப்பு ஓடும், தரைத் தடுப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த வீட்டில் சுவருக்கு அடியில் ஒன்றும் இல்லை. தரையை முழுக்க அடைத்தால், அதுவரை தரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரைத் தேடிப் போகும். விட்ரிஃபைடு டைல்ஸ் வந்த பிறகுதான் பெயின்ட் மூன்றடி உயரத்துக்குக் கொப்புளித்தது என்று டீச்சரே சொல்லியிருந்தார்.

டீச்சரின் அண்ணன் ஒரு யோசனை கொண்டுவந்தார். "நம்ம ஊரு மாக்னசைட்ல தரை போடுவாங்களே, வழவழன்னு, கால் சில்லிடாம. அதைப் போட்டா என்ன?" நல்ல கேள்வி. சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று தெரிகிற கரட்டை வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று சொன்னார்கள். அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மாக்னசைட். அதைச் சுட்டுப் பொடியாக்கி, மக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் கல் மாதிரி இறுகும். ஒரு காலத்தில் அப்படித் தரை போடுவதுண்டு. உலர்ந்த கட்டடத்தில் அழகாக நிற்கும். ஆனால் அந்தக் குளோரைடு காற்றின் ஈரத்தையே இழுக்கிற உப்பு. தொடர்ந்து ஈரம் பட்டால் தரை பலமிழக்கும், மழைக்காலத்தில் தானாகவே வேர்க்கும், பக்கத்தில் இரும்பு இருந்தால் அதையும் அரிக்கும். சேலத்தின் சொந்தச் சரக்குதான். ஏற்காட்டு வீட்டுக்கு ஒத்துவராது. அவரிடம் இதைச் சொல்ல எனக்கே மனசில்லை, அவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

பலகைத் தரை, கறையானாலேயே கழிந்தது. வினைல் விரிப்பு அடியில் பூஞ்சணத்துக்குப் பந்தல் போட்ட மாதிரி. சிமென்ட்டில் போடுகிற ரெட் ஆக்சைடு எனக்குப் பிரியமான தரை. ஆனால் அடியில் ஈரம் இருந்தால் திட்டுத் திட்டாக நிறம் மாறி, உப்புத் தள்ளி, தோல் உரியும். ஆத்தங்குடி டைல்ஸை டீச்சருடைய மருமகள் விரும்பினார். அது சூளையில் வைக்காமல் கண்ணாடிமேல் வார்த்துச் செய்கிற சிமென்ட் ஓடு. காரைக்குடிப் பக்கத்து வெயிலுக்குப் பிறந்தது. கீழிருந்து உப்பு ஏறினால் பூ வேலைப்பாடு மங்கிவிடும். அந்த அழகைக் கொண்டுவந்து இங்கே கெடுக்க வேண்டாம் என்றேன்.

முடிவைக் காட்டிக்கொடுத்தது வீடேதான். 2024 தை மாதம் கூடத்தில் டைல்ஸையும் அதன் அடியிலிருந்த கான்கிரீட்டையும் உடைத்தபோது, கீழே உடைந்த ரெட் ஆக்சைடு ஒரு படலம். அதற்கும் கீழே கொத்தனாரின் கடப்பாரை மெத்தென்று இறங்கியது. கையால் மண்ணை ஒதுக்கினோம். சுண்ணாம்புத் தளம், அதன்மேல் அங்கங்கே ஒட்டிக்கொண்டு செந்நிறத் தட்டோடு. மேஸ்திரி ஒரு துண்டை எடுத்துத் துடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டது. "சார், இது இன்னும் தண்ணி குடிக்குதுங்க" என்றார்.

பாய் பூக்காத தரை அதுதான். டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். வீட்டில் பிறந்து வளர்ந்தவர் சொல்வதை அளவுகருவி காட்டுவதற்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அன்றைக்கு நான் உணர்ந்தேன்.

போட்ட தரை

பழைய தளத்தின் பெரும்பகுதி கான்கிரீட் போட்டபோது நொறுங்கிவிட்டது, காப்பாற்ற முடியவில்லை. அதே முறையில், அடியில் ஒரு திருத்தத்தோடு, புதிதாகப் போட்டோம்.

செம்மண் தெரியும்வரை தோண்டி, திமிசு போட்டு இறுக்கினோம். அதன்மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லி, ஆறு அங்குலம். இந்த ஜல்லிதான் திருத்தம். கழுவிப் போட வேண்டும், தூசி ஒரு கைப்பிடிகூட இருக்கக் கூடாது. ஈரம் குறுகலான துளையில்தான் ஏறும். ஜல்லிக்கு நடுவே இருக்கிற பெரிய சந்தில் அதனால் ஏற முடியாது. தூசி விழுந்தால் அந்தச் சந்து அடைந்து மறுபடி திரி கிடைத்துவிடும். முதல் லாரி ஜல்லியைக் கழுவிப் பார்த்தால் தண்ணீர் சாம்பல் பாலாக ஓடியது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த லாரி அது. திருப்பி அனுப்ப முடியாது. களத்திலேயே சல்லடை வைத்து இரண்டு நாள் கழுவினார்கள். அந்தச் சித்தாள் பெண்கள் இருவரும் கை வெளுக்க வேலை பார்த்ததை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

ஜல்லிமேல் ஜியோ துணி, சாந்து ஒழுகி உள்ளே இறங்காமல் இருக்க. அதன்மேல் நாலு அங்குலம் சுண்ணாம்புக் கான்கிரீட்: செங்கல் ஜல்லி, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் பொடி ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. சுண்ணாம்பு சங்ககிரிப் பக்கத்துக் கல்லைச் சுட்டது. கீழேயே வாங்கி, தொட்டியில் நீற்றி, மூன்று வாரம் ஊறவைத்து எடுத்து வந்தோம். செங்கல் பொடி சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும்; செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். மலைக்கு இது ரொம்ப முக்கியம். கட்டையால் அடித்து அடித்து, கட்டை துள்ளி எழும்பும்வரை அடித்தார்கள்.

மேலே ஒரு அங்குலம் சுண்ணாம்புச் சாந்து, அதில் ஒன்பது அங்குலச் சுட்ட மண் தரை ஓடு, பளபளப்பு ஏற்றாதது. இணைப்பும் சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. படலம் போல் ஒட்டுகிற வார்னிஷ் எதுவும் பூசக் கூடாது என்று எழுதியே கொடுத்தேன். சமையலறையில் மட்டும் எண்ணெய்க் கறைக்காகக் கடப்பாக்கல். பெரிய பலகையாக வேண்டாம், ஓரடிச் சதுரமாக வெட்டி, இணைப்பை அரை அங்குலம் அகலமாக விட்டு, சுண்ணாம்பு நிரப்பினோம். கல் மூச்சு விடாவிட்டாலும் இணைப்பு விடும்.

தெற்கறைக்கு ஜல்லி தேவையில்லை, அங்கே மண் உலர்ந்திருந்தது. பழைய கான்கிரீட்டின் மேலேயே சாந்து போட்டு அதே ஓட்டைப் பதித்தோம். புகைப்போக்கியின் அடைப்பை எடுத்து, மழை இறங்காமல் மூடி வைத்தோம். சுட்ட மண் ஓடு காலுக்குக் கல் மாதிரிச் சில்லிடாது. காலையில் படிகிற ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டு மதியம் திருப்பிக் கொடுத்துவிடும்.

நான் செய்த தவறு

கடைசியாக மிஞ்சியது வடமேற்குப் படுக்கையறை. வைகாசியில் டீச்சர் வீட்டில் கல்யாணம். சுண்ணாம்புத் தளத்தை மற்ற அறைகளில் ஐந்து வாரம் காயவிட்டுத்தான் ஓடு பதித்தேன். இந்த அறையில் 12 நாள்தான் விட்டேன். மேஸ்திரி வேண்டாமென்று சொன்னார். கல்யாண வீடு, வேறு வழியில்லை என்று நான்தான் வேலையை நடத்தச் சொன்னேன்.

அந்த வருஷம் ஆடியில் அந்த ஓர் அறையில் மட்டும் ஓடு முழுக்க வெள்ளை பூத்தது. டீச்சர் நல்ல எண்ணத்தில் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறார். துடைக்கத் துடைக்க அதிகமாயிற்று. உப்பு தண்ணீரில் கரைந்து மறுபடி ஓட்டுக்குள் போய், காயும்போது மறுபடி வெளியே வரும். உலர்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டச் சொன்னேன். வாரம் ஒருமுறை, ஏழெட்டு மாதம். இப்போது சுவரோரத்து இரண்டு வரிசையில் மட்டும் லேசாக வருகிறது. நான்கு ஓடுகளின் மேல்தோல் உதிர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

இரண்டு மழைக்குப் பிறகு

2025 கார்த்திகையில் போனபோது கூடத்திலும் தெற்கறையிலும் வெறுங்காலில் நடந்தேன். வெளியே மேகம் இறங்கியிருந்தது. தரை வேர்க்கவில்லை, நிறம் மட்டும் ஒரு சாயல் கருத்திருந்தது. சுவரில் ஓதக் கோடு மூன்றடியிலிருந்து ஓரடிக்குக் கீழே வந்திருக்கிறது. தடித்த சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் உலரும் என்று பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். இந்த மலையில் அதற்கும் மேலாகும். சமையலறையின் வடக்கு மூலை இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்த இடத்தில் வெளியே ஒரு பழைய பலாமரத்தின் வேர் இருந்ததால் வாய்க்காலைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயிருந்தோம். மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை, டீச்சருக்கும் இல்லை. அந்த மூலையில் அரிசி டிரம் வைக்காமல், அலமாரியை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது டீச்சர் கூடத்தில் கோரைப்பாயை விரித்துப் பேத்தியைப் படுக்கவைத்திருந்தார். மறுநாள் காலையில் பாயைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டுப் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்கே பண்ணினார். "காஞ்சிருக்கு தம்பி."